இதே இடத்தில் சேமிக்கவா?

செத்துக் கிடந்த கம்ப்யூட்டரைத் திறந்தால் தூசி நாற்றம்தானே வரவேண்டும்? பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் வந்ததோ ஷாம்பு வாசனை. குழந்தைகளுக்கென்றே விற்கும் ஸ்ட்ராபெர்ரி ஷாம்பு. குளிப்பாட்டித் துவட்டிய தலையில் முகத்தைப் புதைத்தால் இளஞ்சூட்டோடு வருமே, அப்படி. அவள் குனிந்து இன்னொரு முறை மோந்து பார்த்தாள். மூத்த மகள், பெரியவள், போன பிறகு அந்த ஷாம்பு இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை.

"தூசி அக்கா, மூக்கைப் பொத்திக்க" என்றான் தம்பி. அவனுக்கு எந்த வாசனையும் வரவில்லை போலிருக்கிறது.

தம்பிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அக்கா கூப்பிட்டால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவான். பவர் சப்ளையை மாற்றினான். ரேம் கார்டைக் கழற்றி, அக்காவின் இளைய மகள் சின்னவளின் அழிரப்பரைப் பிடுங்கி, கார்டின் பித்தளை நிறப் பல்லையெல்லாம் தேய்த்து மறுபடி சொருகினான். விசிறி சுற்றியது, திரையில் வெளிச்சம் வந்தது. "பாத்தியா, கைராசி!" என்று அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட நேரத்தில்தான் அடுத்த இடி விழுந்தது. பெரியவளின் படங்கள் இருந்த ஃபோல்டர் காலி. ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ளே டிக், டிக் என்று எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஃபோல்டரை மூடி மறுபடி திறந்து பார்த்தாள். பெரியவள் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். ஒரு படத்தையாவது பிரிண்ட் போட்டு வைக்கலாம் என்று கணவர் எத்தனையோ தடவை சொன்னார், அவள்தான் விடவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் போனது போனதுதான் என்று ஆகிவிடுமே என்று ஒரு பிடிவாதம். அதற்குத் தண்டனையோ என்னவோ, கொஞ்ச நாளாகக் கண்ணை மூடினால் அந்த முகம் வரவில்லை. கன்னத்து மச்சம் இடது பக்கமா, வலது பக்கமா? பெற்றவளுக்கே மறந்துபோனால் அப்புறம் அந்த முகம் உலகத்தில் எங்கேதான் இருக்கும்?

"அழாத அக்கா. படமெல்லாம் உள்ளதான் இருக்கு, வழிதான் போயிருக்கு" என்றான் தம்பி. "தேடி எடுக்கிற சாஃப்ட்வேர் இந்தப் பென் டிரைவ்ல இருக்கு. ஆனா எடுத்ததை வைக்க வேற டிஸ்க் வேணும். வாங்கிட்டு சாயங்காலம் வர்றேன். அதுவரைக்கும் இதைத் தொடாத. இதே டிஸ்க்ல ஒண்ணை எழுதினா, அங்க இருக்கிற இன்னொண்ணு அழிஞ்சிடும். அப்புறம் கடவுளே வந்தாலும் மீட்க முடியாது."

சாயங்காலம் வந்தது. தம்பி வரவில்லை, மழைதான் வந்தது. விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே பிடியாகப் பெய்து, தெருவிளக்கை மங்கலாக்கி, ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் நடுங்கவிட்டு, வீட்டுக்குள் ஈரத்துணி வாடையை நிரப்பிக்கொண்டிருந்தது. உள்ளறையில் சின்னவள், ஐந்து வயசு, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஊதா கிரேயானால் எதையோ கிறுக்கியபடி, ராகமும் இல்லாமல் தாளமும் இல்லாமல் தொண்டை கட்டிய குரலில் தானாகக் கட்டிய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. "அக்கா, இங்க முழங்கால் அளவு தண்ணி. வண்டி நின்னுபோச்சு. நீ அதுல கை வச்சிடாத, என்ன?"

"நான் ஏன்டா வைக்கப் போறேன்" என்றாள். மவுஸைப் பிடித்தபடியேதான் சொன்னாள்.

மனசு கேட்டால்தானே! டிஸ்க் தட்டும் சத்தம் மதியத்தைவிட மோசமாகியிருந்தது. தம்பி வருவதற்குள் ஒரேயடியாக நின்றுவிட்டால்? தம்பி விட்டுப்போன பென் டிரைவைச் சொருகி, தேடச் சொல்லி அழுத்தினாள். காணாமல்போன படங்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கீழே ஒரு கேள்வி: இதே இடத்தில் சேமிக்கவா?

ஒன்றே ஒன்று. ஒரு படம் போதும். சரி என்று அழுத்தினாள்.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. ஈர முடி. நெற்றி. கோணலாக வெட்டிவிட்ட முன்முடிக்குக் கீழே இரண்டு கண்கள். மூக்கு வரை வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். "என் கண்ணு" என்றாள் திரையைப் பார்த்து. ஷாம்பு வாசனை மறுபடி வந்தது. இந்த முறை முதுகுக்குப் பின்னாலிருந்து.

"அம்மா, இங்க வந்து பாரேன்!" சின்னவள் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் சும்மா இருடி! எப்பப் பாத்தாலும் அம்மா, அம்மான்னு."

பக்கத்து ஃபோல்டரில் சின்னவளின் படங்கள் இருந்தன. பள்ளிக்கூடத்து முதல் நாள் எடுத்த படம்; அதில் பாதி சாம்பலாகியிருந்தது. தலையிலிருந்து இடுப்பு வரைக்கும். தம்பி சொன்னது இதுதான் என்று அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. ஒரு நிமிஷம் கை நின்றது.

போகட்டும். சின்னவள்தான் இங்கேயே இருக்கிறாளே. நாளைக்கே ஆயிரம் படம் எடுத்துக்கொள்ளலாம். பெரியவளை எங்கே போய் எடுப்பது?

எல்லாவற்றையும் சேமி என்று அழுத்தினாள்.

டிஸ்க் வேகம் பிடித்தது. ஊஞ்சலில் பெரியவள். மூக்கெல்லாம் ஐஸ்கிரீம் அப்பிக்கொண்டு பெரியவள். போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பெரியவள். ஒவ்வொரு படமும் முந்தையதைவிட இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள், அடுத்தது வருவதற்குள் பொறுக்காமல் திரையைக் கையால் தடவினாள்.

உள்ளறையில் பாட்டு நின்றிருந்தது.

எப்போது நின்றது? கவனிக்கவில்லை. பாதி வரியில் நின்ற மாதிரி இருந்தது. கிரேயான் ஒன்று தரையில் உருண்டு, சுவரில் இடித்து, ஓய்ந்தது.

"சின்னக்குட்டி?"

தூங்கியிருப்பாள். மழைக்குத் தூக்கம் வரத்தானே செய்யும். கண் வாசல்பக்கம் போனது. அங்கே சின்னவளின் செருப்பு இல்லை. ஆணியில் மழைக்கோட்டும் இல்லை. கோட்டு நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் மட்டும் தரையில் குளமாகக் கிடந்தது.

எழுந்திருக்க வேண்டும். எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். ஆனால் திரையில் அப்போதுதான் கன்னம் வந்துகொண்டிருந்தது.

இன்னும் ஒரே ஒரு படம்.

போன் அடித்தது. அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் காதில் வைத்தாள். "டேய், சின்னவ சத்தத்தையே காணோம்டா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"யாரு அக்கா?"

"சின்னவடா!"

அந்தப் பக்கம் மழை இரைந்தது. தம்பி மெதுவாகப் பேசினான், நோயாளியிடம் பேசுகிற மாதிரி. "எந்தச் சின்னவ? உனக்கு ஒரே பொண்ணுதானே அக்கா."

போன் கை நழுவியது.

பின்னால் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று.

திரும்பினாள்.

கதவோரம் பெரியவள். ஈர முடி. கோணல் முன்முடி. கண்கள். மச்சம் இடது கன்னத்தில். இடதுதான்! மோவாய்க்குக் கீழே சாம்பல் பட்டை. அது கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்து வந்தது. தோள் வந்தது.

பட்டைக்கு அடியில் இன்னொருத்தி மிச்சமிருந்தாள்.

ஐந்து வயசுக் கால்கள். ஊதா அப்பிய ஒரு சின்னக் கை. அது நீண்டு வந்து அவளுடைய நைட்டியைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது. இன்னும் சூடாக இருந்தது.

பிளக் கைக்கெட்டும் தூரம்தான். பிடுங்கினால் நின்றுவிடும். மிச்சமிருப்பவளாவது மிஞ்சுவாள். அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். கை போய்ப் பிளக்கைப் பிடித்தும்விட்டது.

பெரியவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

எத்தனை ராத்திரி கண்ணை மூடித் தேடிய சிரிப்பு அது.

நைட்டியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின. அம்மா குனிந்து பார்க்கவில்லை. பிளக்கிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையாலும் அந்த முகத்தை ஏந்திக்கொண்டாள்.