மழை வீட்டுக்கு அப்பால் ஒரு கூடம்

"கூடம் எங்கன்னு கேக்கேன்! அது என்ன மூக்குத்தித் திருகா, விழுந்த இடம் தெரியாமப் போறதுக்கு?"

"கூடம் வந்துட்டு அத்தை. வட்டு பெருசாயிட்டுன்னு திரையிலேயே காட்டுது பாருங்க."

"திரையிலயா மாப்ளே உங்க வீட்டு ஆளுகளை உக்காத்திப் பந்தி போடுவேன்?"

முற்றத்தின் நடுவில் நின்று சங்கரவடிவு போட்ட சத்தத்தில் தெரு முழுவதும் காது நீட்டிக்கொண்டது. புருஷனை இழந்து தனியாளாக வளர்த்த மகள் உலகம்மைக்கு நாளை மறுநாள் கல்யாணம். எதிரே தலையைச் சொறிந்துகொண்டு நின்றவன்தான் மாப்பிள்ளை சொரிமுத்து. தாலி கட்டுவதற்கு முன்பே மாமியாரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளும் பாக்கியம் எல்லோருக்குமா வாய்க்கும்!

தெரு என்றதும் எந்த ஊர் என்று தேட வேண்டாம். வெயில் முற்றிய காலத்தில் ஊர்கள் குளிர்கோபுரங்களுக்குள் ஒண்டிக்கொண்டன. அங்கே ஆளுக்கொரு துயில்பேழை, ரயில் பெர்த்தைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். உடம்பு அதில் படுத்திருக்கும். வாழ்க்கையெல்லாம் முகில் என்கிற கணினி வலையில், மெய்நிகர் எந்திரத்துக்குள். வடிவின் வீடும் பக்கத்து வீடும், நடப்பதையெல்லாம் சேமித்து வைக்கும் ஒரே வட்டில் அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள். நடுவே தடுப்பு. அதை வடிவு போடுகிற சத்தத்தைத் தவிர வேறெதுவும் தாண்ட முடியாது என்பார்கள்.

வீட்டில் இடம் இருக்கிறவரை கவலையில்லை. நிறைந்துவிட்டால்தான் வினை. புதிதாக எது நடந்தாலும் வட்டில் தங்காது, மறுநாள் விடிந்தால் நடந்த சுவடே இருக்காது. போன மாதம் உலகம்மைக்கு நிச்சயதார்த்தம் ஆனது. தாம்பூலம் மாற்றி, பாயசம் குடித்து, எல்லோரும் கும்பிட்டுப் போனார்கள். காலையில் பார்த்தால் மோதிரமும் இல்லை, பதிவகத்தில் அப்படியொரு நிகழ்ச்சியும் இல்லை. வடிவின் ஊறுகாய்ப் பரணிகளும் வடகமும் வீட்டை அடைத்திருந்ததுதான் காரணம். அதில் எதையும் எடுத்துப்போட அவளுக்கு மனசு வரவில்லை. கல்யாணமும் இப்படிக் கரைந்துபோனால் மகள் எந்த முகத்தோடு புகுந்த வீடு போவாள்? அந்தப் பயத்தில்தான் மாப்பிள்ளையையே கூப்பிட்டு வீட்டைப் பெரிதாக்கச் சொன்னாள்.

சொரிமுத்துவுக்கு முகில் கம்பெனியில்தான் வேலை. தன் வீட்டைப் பெரிதாக்க எழுதிய ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைக்கோவையை, ஒரு வரிகூட மாற்றாமல் இங்கேயும் ஓட்டிவிட்டான். அவன் வீட்டுக்குப் பின்னால் வெற்றிடம், அதனால் அங்கே செல்லுபடியானது. வடிவின் வீட்டுக்குப் பின்னாலோ கோமதிநாயகம் குடியிருந்தார். புது இடம் வட்டின் வால்பக்கத்தில், அவர் வீட்டையும் தாண்டிப் போய்க் கிடந்தது.

"அப்போ என் கூடம் அந்த ஆளு வீட்டுக்குப் பின்னாலயா கெடக்கு?"

"ஆமா அத்தை."

"அதை அழிச்சிட்டு இந்தப் பக்கம் போடுங்க."

"வட்டைப் பெருசாக்கத்தான் முடியும், சின்னதாக்க முடியாது. அவர் வீட்டை வேணும்னா வாலுக்கு நகத்தலாம். ஆனா நகத்துற நேரம் வீட்டுல ஒண்ணும் ஓடக்கூடாது. எல்லாத்தையும் நிறுத்தணும்."

உலகம்மை களுக்கென்று சிரித்துவிட்டாள். நிறுத்துவதாம், கோமதிநாயகம் வீட்டிலாம்!

அவர் வானிலை அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் குப்பை கொட்டியவர். தினமும் 'மழைக்கு வாய்ப்பு உண்டு' என்று அறிவித்து, ஒரு தூறலைக்கூடக் கண்ணால் காணாமல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற அன்றே தன் வீட்டுக்குள் ஒரு மழையை ஓடவிட்டார், அது இன்றுவரை விடவில்லை. கல்யாணம் காட்சி என்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. அவருடைய ஈரத்தால்தான் தன் வடகம் நமுத்துப்போகிறது என்று வடிவு தெருச் சங்கத்தில் எத்தனையோ மனு கொடுத்தாயிற்று. தடுப்பைத் தாண்டி ஈரம் வராது என்று சங்கத்தார் சொல்லிப் பார்த்தார்கள். வடிவாவது கேட்பதாவது!

வேறு வழியில்லாமல் மூன்று பேரும் போய் அவர் வாசலில் நின்றார்கள். கதவைத் திறந்தவர் கையில் குடை.

"அண்ணாச்சி, உங்க மழையைச் செத்த நேரம் நிறுத்தணும்," என்றாள் வடிவு. கெஞ்சுகிற குரல் அவளுக்குப் பழக்கமில்லை. அதட்டுகிற மாதிரியே வந்தது.

"முடியாதும்மா."

"உங்க மழையை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாக. திரும்பப் போட்டுக்கிடலாம்லா?"

"திரும்பப் போட்டா அது வேற மழை. ஒவ்வொரு துளியும் முந்தின துளியைப் பாத்துத்தான் விழுது. நிறுத்தினா மொதல் துளியில இருந்து ஆரம்பிக்கும். இத்தனை வருசம் பெஞ்சது அம்புட்டும் போச்சு." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைக்குக் கல்யாணம்னு தெரியும். இதைத் தவிர என்ன கேட்டாலும் செய்யுதேன்."

சொரிமுத்து தொண்டையைக் கனைத்தான். "இன்னொரு வழி இருக்கு. வீட்டை நகத்தவும் வேண்டாம், மழையை நிறுத்தவும் வேண்டாம். ஓடிட்டிருக்கும்போதே தடுப்பை எடுத்துட்டு ரெண்டு வீட்டையும் புது இடத்தையும் ஒரே வீடாக் கட்டிரலாம். ஆனா..."

"ஆனா?"

"ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம்தான்னு பதிவகத்துல விதி. நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொஞ்சாதி, ஒரே குடும்பம்னு பதியணும்."

கோமதிநாயகம் குடையை மடக்கிக் கதவோரம் சாத்தினார்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை," என்றார் கோமதிநாயகம். யோசிக்கிற மனிதர் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வாரா என்று தெருவில் பலருக்கு இன்றும் சந்தேகம்.

"ஆட்சேபணை இல்லையாம்லா!" வடிவின் முகம் சிவந்தது. "நாளைக்கே பிரிச்சுக்கிடலாமா மாப்ளே?"

"சேத்தா சேத்ததுதான் அத்தை."

"இப்பத்தான அண்ணாச்சின்னு கூப்பிட்டேன். எந்த வாயை வச்சிப் பதிவேன்?"

"அந்த வாயாலதானம்மா மனு மேல மனு சொல்லி எழுதவச்ச? அப்போ அண்ணாச்சியாவா தெரிஞ்சாரு?" என்றாள் உலகம்மை. கல்யாணப் பெண்ணுக்கு வாய் அடங்கும் என்று எவர் சொன்னது?

வடிவு மகளைப் பார்த்தாள். காணாமல்போன மோதிரத்தின் தடம்கூட இல்லாத வெறும் விரலைப் பார்த்தாள். "பதிஞ்சிருங்க," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டளைக்கோவை ஓடியது. தடுப்புச் சுவர் சத்தமில்லாமல் கரைந்தது. அத்தனை வருடம் மனுவில் மட்டுமே இருந்த மழையை வடிவு அன்றுதான் கிட்டத்தில் பார்த்தாள். தாழ்வாரத்து ஓட்டில் தட்டித் தட்டி இறங்கி, வாழையிலையில் வழுக்கி, முற்றத்தில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால் கூடம், தேரோடும் வீதி போல நீண்டு கிடந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கையை மட்டும் மழையில் நீட்டினாள். உலகம்மை பார்த்துவிட்டாள். அப்புறம் தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்!

கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் மழை என்றால் என்னவென்று அறியாதவர்கள். தாலி ஏறியதுதான் தாமதம், மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். பின்னாலேயே பட்டுப்புடவைகள் இறங்கின. நாகசுரக்காரர் குடைக்குள் நின்று வாசிக்க, பந்தியில் ரசம் குறையவே இல்லை என்று கேலி. வடகம் அத்தனையும் ஊறிக் கூழாயிற்று. அதற்கு வடிவு மனு கொடுக்கவில்லை. அதிசயம்தான்.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் ஓடிப்போய் உலகம்மையின் கழுத்தைத்தான் பார்த்தார்கள். தாலி இருந்தது. பெரியப்பாவின் தும்மலும் இருந்தது.

சொரிமுத்துவும் உலகம்மையும் நாகர்கோவில் வட்டில் வீடு பார்த்துக் குடிபோனார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் மீதமிருந்தவர்கள் இரண்டு பேர். காகிதத்தில்தானே குடும்பம் என்றாள் வடிவு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். பிறகு ஒரு சாயங்காலம், முகில் தெருக்களில் நாகரிகம் தெரிந்த எவரும் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"உங்க உடம்பு எங்க படுத்திருக்கு?"

"தென்காசிக் கோபுரத்துல," என்றார் அவர். "பக்கத்துப் பேழை காலியாத்தான் இருக்கு. நான் சும்மா சொல்லுதேன்."

ஆவணி மாதம் வடிவு தன் உடம்பு படுத்திருந்த பாளையங்கோட்டைக் கோபுரத்தைக் காலி செய்துவிட்டு, கூடையும் பையுமாகத் தென்காசிக்குப் பஸ் ஏறினாள். நேரில் பார்த்த கோமதிநாயகம் அவள் தோளுயரம்தான் இருந்தார். அவளுக்கும் முகிலில் இருந்த கூந்தலில் பாதிதான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்ததில் கோபுரத்துக் காவலாளி ஓடிவந்து பார்த்தாராம். அந்த வாரமே, இரண்டு பேழைகளுக்கு நடுவே, நிஜக் கையால் நிஜக் கழுத்தில் தாலி கட்டினார். அதை எந்த வட்டிலும் பதியவில்லை.