மேல் கட்டைகள்

மாஸ்டர் வீட்டின் பின்னறையில் ஈரத்துணியும் பழைய எச்சிலும் கலந்த வாடை அடித்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டிய பஞ்சுப் பலகைகளில் கருப்பாகப் பூசணம். அவர் விளம்பரங்களுக்கு இசையமைப்பவர். நான் கீபோர்டு வாசிக்கப் போனவள். எங்கள் வீட்டிலேயே முதல் டிகிரி நான் வாங்கியது இந்த நாற்றத்தில் உட்காரவா என்று எரிந்தது.

இந்தக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள்தான் பாடும். அவரே தயாரித்த ஒரு பெண்குரலை முந்தைய வாரம் பென்டிரைவில் தந்து, வீட்டில் பழகிவிட்டு வரச் சொல்லியிருந்தார். வாசிக்க வேண்டியது ஒரு விளம்பரத்துக்கான தாலாட்டு என்பதால் மெல்லத்தான் தொட்டிருந்தேன். இதமான முனகல். மேல் கட்டைகள் மட்டும் ஊமை.

இங்கே கட்டைகளின் இடுக்கில் பிசுக்கும் ஒரு நீளமான முடியும். விரல் ஒட்டியது. எரிச்சலில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

ஒரு பெண் அலறினாள்.

அது பாட்டில்லை. அடிபட்டவளின் அலறல். பக்கத்துக் கட்டையை மெல்லத் தொட்டேன், முனகல். அழுத்தினேன், அழுகை. ஓங்கினால் அலறல். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குரலைத் தனித்தனியாகப் பதிவு செய்தால்தான் இப்படி வரும்.

"யார் சார் இது?"

"என் வீட்டுக்காரி." நகத்தைக் கடித்துத் தரையில் துப்பினார். "நல்லா ஒத்துழைச்சா. மேல் கட்டைக்கு வர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா. மிச்சத்த நீ முடிச்சுக் குடும்மா."

கதவைத் தாழிட்டார்.

மைக்கின் முன்னிருந்த துணியில் பழுப்புக் கறை.

"கதவத் திறய்யா." சார் எல்லாம் அதோடு சரி. கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். இனி அது வெறும் பலகை.

ஒரு கட்டை தானாக இறங்கியது.

அடுத்தது. அதற்கடுத்தது. இடுக்குகளில் எச்சில் நூல் நூலாக வழிந்தது. ஸ்பீக்கரிலிருந்து அல்ல, கட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு கிசுகிசுப்பு.

"நீ போம்மா. அவரு இருக்கட்டும்."

தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன்.

பிறகு போலீஸ் வந்து விசாரித்தது. மாஸ்டரைக் காணவில்லையாம். அறை காலியாம். கீபோர்டு மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்ததாம்.

அவர் தந்த குரலை அழிக்கத்தான் என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். என் கீபோர்டின் மேல் கட்டை ஒன்றில் கை லேசாகப் பட்டுவிட்டது.

ஊமை இல்லை. ஒரு ஆண் முனகினான். தெரிந்த குரல்.

அருவருத்துக் கையை எடுத்துக்கொண்டேன்.

கட்டை தானாக இறங்கியது. பலமாக.

மறுபடியும். இன்னும் பலமாக.