மாலை ஆறு மணித் துள்ளல்

நிலவின் ஏழாம் குடியிருப்பில் காலைக் காப்பியோடு துணைவரின் இதயப் பதிவையும் பார்ப்பது வழக்கம். கல்யாணத்தன்றே இருவர் மார்பிலும் கடுகளவு நாடிச்சில்லு ஒன்றைப் பதித்துவிடுவார்கள். முந்தின நாள் எப்போது, எங்கே நெஞ்சு துள்ளியது என்று அது சமையலறைச் சுவரில் வரைந்து காட்டும்.

தணிகையின் பதிவில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு துள்ளல் இருக்கும். வேலை முடிந்து, இருபது மாடி படியேறி, அவன் வீட்டு வாசலில் நிற்கும் நேரம் அது. பதினோரு வருடமாகியும் தன்னைப் பார்த்தால் இப்படித் துள்ளுகிறதே என்று அவன் மனைவி கோமளாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

அவனுக்கு நாற்பது வயதானதும் ஐந்து மணிக்கும் ஒரு துள்ளல் முளைத்தது. இடம்: எடைக்கூடம். எலும்பு இளகாமலிருக்க, நாற்பதைத் தாண்டியவர்கள் பூமியின் எடையோடு நடந்தாக வேண்டிய சுழல் அறை. அங்கே பயிற்சி தருபவள் ரூபிணி. போதாக்குறைக்கு அவளுக்குக் கன்னத்தில் குழி வேறு.

"நடந்தேன் கோமு, மூச்சு வாங்கிச்சு. அவ்வளவுதான்."

"என் காதுல பூ சுத்தாதீங்க."

வயிறெரிந்துபோய், பதிவோடு குடும்ப நீதி இயந்திரத்திடம் போனாள். அது தணிகையை வரவழைத்து, கள்ளக் காதலைத் தேடி அவன் இதயத்தைப் படமெடுத்தது. பார்த்ததும் அவசரமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது.

"இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய் இவருக்குப் பிறவியிலேயே இடம் மாறி முளைச்சிருக்கு" என்றார் டாக்டர். "ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவுல மாட்டிக்கிட்டு, உடம்பை வருத்தினா நசுங்குது, அதுல நெஞ்சு துள்ளுது. ரொம்ப அபூர்வம். நல்லவேளை, நீங்க சந்தேகப்பட்டீங்க. இல்லேன்னா ஒருநாள் அங்கேயே விழுந்திருப்பாரு."

"அப்போ ரூபிணி?"

"அது நடைம்மா."

கோமளாவுக்கு உயிர் வந்தது. பிறகு தயங்கினாள். "ஆறு மணிக்கு வர்றது?"

"அது படிக்கட்டு."

அறுவை சிகிச்சை முடிந்து அவன் வேலைக்குப் போகத் தொடங்கிய மறுநாள் காலை, சுவரில் ஐந்து மணியும் தட்டை, ஆறு மணியும் தட்டை. அந்தக் கோணல் குழாயின் மீதே அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"என்னைப் பார்த்து ஒரு நாளாவது துள்ளிச்சா?" என்று அழுதாள்.

தணிகை எழுந்து சுவரருகே போனான். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவளுடைய பதிவைத் திறந்தான். தினமும் ஒரே ஒரு துள்ளல், காலை ஏழு மணிக்கு.

"இது நீ என் பதிவைத் திறக்கிற நேரம், கோமு."

ஆறு மணிக்கு, அவன் வாசலில் வந்து நிற்கும் நேரத்தில், அவளுடைய கோடும் தட்டையாகத்தான் இருந்தது.