இலந்தைப் பை

புது ஓவன் வந்த நாளிலிருந்து ஷியாமளாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வளைகுடாவில், ஜெபல் அலியில் துறைமுகம் கட்டத் தொடங்கியிருந்த சமயம் அது. அங்கே இன்ஜினியராக இருந்த அப்பா சேதுராமன், ஒரு சாயங்காலம் பெரிய அட்டைப்பெட்டியோடு சத்வாவிலிருந்த வீட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் ஓவன். ஓவனுக்குள் ஒரு சமையல் புத்தகம். அதன் நடுப்பக்கத்தில் ஒரு படம்: பொன்னிறமாக வெந்த மாவு, அதன் விரிசல் வழியே பொங்கி வழியும் பழக்கூழ்.

"அப்பா, நான் இந்தப் பை செய்யணும்!"

"பையா? தோள்ல மாட்டறதா, திங்கறதா?"

"திங்கறதுப்பா! காட்டுப் பழம் பறிச்சு, மாவுக்குள்ளே வெச்சு வேக வைக்கணும்."

"சத்வாவுல காட்டுக்கு எங்கே போவே?" என்று சிரித்தார் அப்பா.

காடு இல்லைதான். ஆனால் ஒரு மரம் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு பத்ருன்னிசா. அவளுடைய வாப்பா தையல்கடை வைத்திருந்தார். இரண்டு பெண்களும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. தெருக்கோடியில், இடிந்த சுவருக்குப் பின்னால் நின்ற இலந்தை மரத்தை அவள் ஷியாமளாவுக்கு மட்டும்தான் காட்டியிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே. உம்மாவுக்கு எதைச் சாப்பிட்டாலும் குமட்டுது. வயித்துல பாப்பா இருக்குல்ல? புளிப்பா இலந்தைப்பழம் வேணும்னு ஆசைப்படறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பழுத்துடும். ரெண்டு பேரும் சேர்ந்து பறிப்போம். சனிக்கிழமை நானும் உம்மாவும் ஊருக்குக் கிளம்பறோம்."

"சரி" என்றாள் ஷியாமளா. மனதாரத்தான் சொன்னாள்.

அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை; வியாழக்கிழமை பள்ளி அரை நாள். பத்ருன்னிசா உம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஷியாமளா மரத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனாள். பாதிப் பழம் சிவந்திருந்தது.

பைக்கு ஒரு கைப்பிடி போதும் என்று பறித்தாள். ஒரு கைப்பிடி பாவாடை மடியின் ஓரத்தில் கொஞ்சமாகத் தெரிந்தது. இன்னும் ஒன்று. அப்புறம் இன்னும் ஒன்று. மடி நிறைந்து நிமிர்ந்தபோது, எட்டுகிற கிளை எல்லாம் வெறும் முள்ளாக இருந்தது.

'மேலே இன்னும் இருக்குமே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அண்ணாந்து பார்க்கவில்லை.

"ஏதுடி இவ்வளவு பழம்?" என்றாள் அம்மா வசந்தகுமாரி.

"மரத்துல இருந்தது."

கொட்டை எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. சர்க்கரை சேர்த்து, மாவால் மூடி, ஓவனில் வைத்தார்கள். பை படத்தில் இருந்ததுபோலவே வந்தது. அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார். ஷியாமளாவுக்கு ஒரு துண்டே இறங்கவில்லை.

மறுநாள் காலை பத்ருன்னிசா பால்பவுடர் டப்பாவோடு வந்து கூப்பிட்டாள். மரத்தடிக்குப் போனதும் அப்படியே நின்றுவிட்டாள்.

பக்கத்தில் ஓர் ஆடு அட்டைப்பெட்டியை மென்றுகொண்டிருந்தது.

"பாழாப்போன ஆடு! எல்லாத்தையும் தின்னுடுச்சு!" பத்ருன்னிசாவின் குரல் உடைந்தது. "ஆடுதானே, ஷியாமளா?"

இப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஷியாமளாவின் வாயிலிருந்து "ஆமாம்" என்றுதான் வந்தது.

ஆடு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அட்டையை மென்றது.

மத்தியானம் அம்மா மீதிப் பையைத் தட்டில் எடுத்து வைத்தாள். "நாளைக்கு ஊருக்குப் போறவங்க. வெறுங்கையோடயா பார்க்கப் போறது? நீயும் வா."

"வேண்டாம்மா" என்றாள் ஷியாமளா. அம்மா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பத்ருன்னிசாவின் உம்மா ஜுலைஹா பீவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் தின்றதும் முகம் மலர்ந்தது. "அட, இலந்தைப்பழ வாசனை! ருசியா இருக்கு வசந்தா. ஆனா சர்க்கரையில புளிப்பு போயிடுச்சே."

பத்ருன்னிசா ஷியாமளாவைப் பார்த்தாள். மெல்ல எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஷியாமளாவுக்கு இருந்தது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். துடைப்பக் கட்டையில் சட்டை மாட்டுகிற கம்பியை வளைத்துக் கட்டினாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போனாள்.

உச்சியில் கொஞ்சம் பழம் இருந்தது. கம்பியால் கிளையை இழுத்தால் முள்ளும் சேர்ந்து வந்தது. இரண்டு கையிலும் கோடு கோடாய்க் கீறி இரத்தம் கசிந்தது. வெயில் தாழ்வதற்குள் பதினொரு பழம்தான் கிடைத்தது. கூடவே இரண்டு காய்.

"இதைப் பிடிங்க, அத்தை" என்று ஜுலைஹா பீவியின் முன்னால் கையை விரித்தாள். "பழத்தை ஆடு தின்னலை. நான்தான் பறிச்சேன். உங்களுக்காக பத்ரு பார்த்து வெச்சிருந்தது. தெரிஞ்சேதான் பறிச்சேன். காலையில பொய்யும் சொல்லிட்டேன்."

அவர் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்! இதைத்தான் தேடினேன். காயையும் குடு, அது இன்னும் நல்லது." பிறகு உள்ளறைக் கதவைக் காட்டி, "அவகிட்டச் சொல்லும்மா" என்றார்.

சாத்திய கதவுக்கு முன்னால் நின்று ஷியாமளா அத்தனையும் மறுபடி சொன்னாள். கதவு திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை டாக்சி வந்தது. வாப்பா பெட்டிகளை ஏற்றினார். பத்ருன்னிசா பின் சீட்டில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷியாமளா வாசலில் நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

வண்டி நகரும்போது கண்ணாடி மெல்ல இறங்கியது.

"கைக்கு மருந்து போட்டியா?"

ஷியாமளா இல்லை என்று தலையாட்டினாள்.

"போடு" என்றாள் பத்ருன்னிசா.

டாக்சி தெருமுனையில் திரும்பி மறைந்தது. ஷியாமளா உள்ளே போய், "அம்மா, டிங்சர் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். அம்மா பஞ்சில் நனைத்துத் தடவியபோது நன்றாக எரிந்தது. ஷியாமளா கையை இழுத்துக்கொள்ளவில்லை.