நான்கு புள்ளி ஆறு ஆம்பியர்

1993 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை, மெஷின் சேதங்களுக்குக் காரணம் கண்டு சொல்லும் ஓசூர் இன்சூரன்ஸ் சர்வேயர் சவரியப்பனைத் தேடி சென்னகிருஷ்ணன் வந்தான். பேட்டரி செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் என்ஜினியர். சொந்த ஊர் கல்லாவி. ஓசூரில் தெரிந்தவர் யாருமில்லை. ஓராண்டாகத் தனி அறை, தனிச் சாப்பாடு.

அவன் சொன்னது இது: பேட்டரியைச் சோதிக்க, பத்து மணி நேரம் அதிலிருந்து மின்சாரத்தை இழுக்க வேண்டும். கம்பெனியில் அதற்குப் பழைய கம்பிச்சுருள்தான் இருந்தது. அதற்குப் பதிலாக அவன் எலக்ட்ரானிக் லோடு ஒன்றை வடிவமைத்தான். பேட்டரியின் வோல்ட் இறங்கினாலும் அது ஐந்து ஆம்பியரை விடாமல் பிடித்து இழுக்கும். எட்டு மாதம் கம்ப்யூட்டரில் அந்தச் சர்க்யூட்டை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் செய்தான். ஞாயிறன்று முதல் முழுச் சோதனை. மதியம் மூன்று மணிக்கு அது புகைந்து கருகிவிட்டதாகச் சோதனைக்காரர் ஆஞ்சப்பன் ஆள் அனுப்பினார். கால்மணி நேரத்தில் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தபோது, வெப்பம் வாங்கும் அலுமினியத் தகடு ஜில்லென்றிருந்தது. வடிவமைப்பே தப்பு என்று முதலாளி ராஜினாமா கேட்கிறார்.

"கம்ப்யூட்டர்ல சரியா ஓடுச்சுங்க. சொன்னா நம்ப ஆளில்ல" என்றான்.

சவரியப்பனின் உதவியாளர் கிருபாராணி அப்போதே போட்டிக் கம்பெனியைச் சந்தேகித்தாள். வழியெல்லாம் அதையே பேசினாள். சவரியப்பன் மறுக்கவில்லை.

சோதனை அறையில் ஆஞ்சப்பன் மட்டும் இருந்தார். ஜவளகிரிக்காரர், ஐம்பதை நெருங்கியவர். ஞாயிறன்று அளவு எழுதிய தாளைச் சவரியப்பன் கேட்டு வாங்கி இருமுறை படித்தார். பிறகு முதலாளியையும் சென்னகிருஷ்ணனையும் வரச்சொன்னார்.

"காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டரை வோல்ட், ஐந்து ஆம்பியர். பதினொன்றுக்குப் பன்னிரண்டு, நாலு புள்ளி எட்டு. ரெண்டு மணிக்குப் பதினொன்றரை, நாலு புள்ளி ஆறு. வோல்ட்டோடு ஆம்பியரும் இறங்குது. புது மெஷின் அப்படி இறங்க விடாது. இது கம்பிச்சுருளின் குணம்."

"அப்போ மூணு மணிக்குப் புகைஞ்சது?" என்றாள் கிருபாராணி.

"அறுபது வாட்டில் எட்டு மணி நேரம் ஓடின தகடு கால்மணியில் ஆறாது. ஏழு மணிக்கு முன்னாலேயே மெஷின் போயிடுச்சு. ஆஞ்சப்பன், வயரை மாத்தி மாட்டினீங்களா?"

பிளஸ் மைனஸ் மாறிவிட்டது, டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான் என்று ஆஞ்சப்பன் மெல்லச் சொன்னார். பயத்தில் பேட்டரியைப் பழைய சுருளில் மாட்டி, சோதனை நடப்பதுபோல் அளவு எழுதிவிட்டு, மூன்று மணிக்கு மெஷின் புகைந்ததாக ஆள் அனுப்பிவிட்டார். பதினொரு வருடமாக இந்த அறையில் ஒற்றை ஆளாக அளவு எழுதுகிறவர். புது மெஷின் வந்தால் தனக்கு இங்கே என்ன வேலை என்ற நினைப்பு வேறு.

"வேணும்னு செய்யலீங்க" என்றார்.

"எல்லா இடத்திலும் ஐந்துன்னு எழுதியிருந்தா என்னால நிரூபிச்சிருக்க முடியாது" என்றார் சவரியப்பன்.

"மீட்டர்ல இல்லாததை எழுதினதில்லீங்க."

முதலாளி ஆஞ்சப்பன் பக்கம் திரும்பினார். அதற்குள் சென்னகிருஷ்ணன் குறுக்கிட்டான்.

"எம்மேலயும் தப்பு இருக்குதுங்க. மாத்தி மாட்டினா என்னாகும்னு நான் ஓட்டிப் பாக்கவேயில்ல. தினம் மாட்டறவரு இவரு. பக்கத்து ரூம்லதான் இருந்தாரு. நான் ஒரு வார்த்தை கேக்கல."

முதலாளி ராஜினாமாவைப் பற்றி அப்புறம் பேசவில்லை. இருவரும் சேர்ந்து சரிசெய்யட்டும், ஒரு மாதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புறப்படும்போது கிருபாராணி கம்ப்யூட்டர் அறையை எட்டிப் பார்த்தாள். சென்னகிருஷ்ணன் திரையிலிருந்த சர்க்யூட்டில் பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தான். ஆஞ்சப்பன் வாசலிலேயே நின்றார். அந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி. சென்னகிருஷ்ணன் எழுந்து அதை அவர் பக்கம் தள்ளினான்.

"உக்காருங்கண்ணா. சாப்டீங்களா?"