விரிக்காத குடை

மூன்றே முக்காலுக்கு உக்கடம் குளக்கரையில் யுஸ்ராவின் சைக்கிள் செயின் கழன்றது.

"லைப்ரரில நாலு மணிக்குப் படம் போட்டுருவாங்க," என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி ஜாவித்.

"வாயை மூடிட்டு இறங்கு."

யுஸ்ரா செயினை இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். இன்னும் இறுக மாட்டிக்கொண்டது.

அவள் வயதுப் பையன் ஒருவன் அந்த வழியாக நடந்து வந்தான். நின்று பார்த்தான்.

"நான் பாக்கட்டுங்களா?"

சைக்கிள் பக்கத்தில் படுத்திருந்த நாயிடமும், "கொஞ்சம் நகருங்க," என்றான். ஜாவித்துக்குச் சிரிப்பு வந்தது.

பையன் குச்சியால் செயினை நெம்பினான். கேரியரில் செருகியிருந்த குடை கீழே விழுந்தது. அம்மாவின் புதுக் குடை. அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெடலைச் சுற்றினான். டக்கென்று செயின் பல்லில் உட்கார்ந்தது. அவன் விரலெல்லாம் செயினின் கறுப்பு மை.

"ஏறுடா!" என்றாள் யுஸ்ரா. திரும்பிப் பார்க்காமலே பையனிடம் கத்தினாள்: "வாரேன்!"

நூலகத்தில் விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். ஈரான் நாட்டுப் படம். பேச்சு புரியவில்லை. கீழே தமிழில் எழுத்து ஓடியது.

அண்ணனோடு வந்த ஒரு சிறுமியின் ஆட்டுக்குட்டி பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. வெளியூர்ப் பையன் ஒருவன் தன் கம்பளியைக் கயிறு மாதிரி முறுக்கி உள்ளே இறங்குகிறான். குட்டியைத் தூக்கித் தருகிறான். கம்பளி கிழிந்துபோகிறது. சிறுமியும் அவள் அண்ணனும் குட்டியைக் கொஞ்சிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பையன் கிழிந்த கம்பளியோடு தனியாக நிற்கிறான். படம் முடிந்தது.

"ஒரு வார்த்தை சொன்னா என்ன? நன்றி கெட்டதுங்க!" என்றாள் யுஸ்ரா. முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

"அக்கா," என்றான் ஜாவித். "செயின் மாட்டின பையன்கிட்ட நீ என்ன சொன்ன?"

"வாரேன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

யுஸ்ரா எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

வெளியே தூறல் போட்டது. சைக்கிள் கேரியரைப் பார்த்தாள். குடை இல்லை.

"அவன்கிட்டதான் இருக்கு," என்றாள்.

"போச்சு. இன்னுமா வெச்சுட்டு நிப்பான்? அம்மா நம்ம ரெண்டு பேரையும் ஊட்டுக்குள்ளயே விட மாட்டாங்க."

யுஸ்ரா வேகமாக மிதித்தாள்.

குளக்கரையில், அதே இடத்தில், அவன் நின்றுகொண்டிருந்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கைப்பிடியில் மை படாமல் குடையைக் கக்கத்திலேயே வைத்திருந்தான். விரிக்கவில்லை.

"ஏன் நனையற? விரிச்சிருக்கலாமில்ல?"

"உங்க குடைங்களே."

"இவ்வளவு நேரமா இங்கயேவா நின்ன?"

"வாரேன்னு சொன்னீங்க. நீங்க வந்து நான் இல்லைன்னா?"

ஜாவித் சிரிக்கப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அது... கிளம்பும்போது சொல்றது," என்றாள் யுஸ்ரா.

பையன் யோசித்தான். "நாங்க போன வருசந்தான் ஒடிசாவுல இருந்து வந்தோமுங்க. கடைக்கார அண்ணன் வாரேன்னு உள்ளே போனா, வந்துருவாருங்க."

அவன் பெயர் மங்குளு. யுஸ்ரா இப்போதுதான் கேட்டாள்.

"நீங்க எங்க போயிருந்தீங்க?" என்றான் அவன்.

"லைப்ரரில படம்."

"நானும் அங்கதான் போயிட்டிருந்தேனுங்க." அவன் குரலில் கோபம் இல்லை. "நல்லா இருந்துதுங்களா?"

யுஸ்ரா குடையை விரித்தாள். கைப்பிடியை அவனிடம் நீட்டினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"மை ஒட்டிக்குமுங்க."

"ஒட்டட்டும். நீ பிடி. நான் சைக்கிளைத் தள்ளணும். அப்பத்தான் கதை சொல்ல முடியும்."

மூன்று பேரும் ஒரே குடைக்குள் நடந்தார்கள். யுஸ்ரா ஆட்டுக்குட்டியிலிருந்து தொடங்கினாள். குட்டியின் குரலுக்கு ஜாவித் "மே" என்று கத்தினான். அங்கே மட்டும் மங்குளு இரண்டு முறை சொல்லச் சொன்னான். கம்பளி கிழிந்த இடத்தில் அவன் நடை நின்றுவிட்டது.

"அப்புறம்?"

"அப்புறம்..." யுஸ்ரா மூச்சு இழுத்துக்கொண்டாள். "அவங்க பாதி வழி போயிட்டுத் திரும்பி வந்தாங்க. அவனைக் கூட்டிட்டுப் போனாங்க."

"படத்துல எங்க அப்படி..." என்று ஆரம்பித்த ஜாவித்தின் காலை அவள் மிதித்தாள்.

மங்குளு பெருமூச்சு விட்டான். "நல்ல படமுங்க."

அவன் வீட்டு வாசலில் குடையை யுஸ்ராவிடம் கொடுத்தான். கைப்பிடியில் கறுப்பாக ஐந்து விரல் பதிந்திருந்தது. அவள் துடைக்கவில்லை.

"அடுத்த சனிக்கிழமையும் படம் இருக்கு," என்றாள். ஜாவித் குடையோடு பின்னால் ஏறிக்கொண்டான். அவள் பெடலில் கால் வைத்தாள்.

"வாரேன், மங்குளு!"

"ஏனுங்க!"

யுஸ்ரா பிரேக் பிடித்துத் திரும்பினாள். வாசலில் நின்று அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இது எந்த வாரேனுங்க?"