கழன்ற கேபிள்

காலையிலிருந்து கணவன் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

மழை தகரக் கூரையைச் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்த மதியத்தில், ஷெட் கதவைச் சாத்திவிட்டு, பழைய காரின் ஒற்றை ஜாக்கியை நம்பி முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி, சீட்டியடித்தபடியே அடியில் நுழைந்திருந்தான். கிரீஸும் ஈரமண்ணும் கலந்த வாடை நெஞ்சை அடைத்தது. அவள் டிரைவர் சீட்டில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை நுழைத்து, புதுக் கேபிளின் நுனியை ஸ்பீடோமீட்டரில் திருகிக்கொண்டிருந்தாள்.

தினமும் சாயங்காலம் மீட்டரைப் பார்த்துத்தான் அவள் எவ்வளவு தூரம் போனாள் என்று கணக்குக் கேட்பான். அதனால் அவன் வேலைக்குப் போனதும், மீட்டர் ஓடாதபடி கியர்பாக்ஸில் கேபிளைக் கழற்றிவிட்டு, தன் துணிமணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அக்கா வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். போன தடவை கேபிளைத் திரும்ப மாட்டும்போது பதற்றத்தில் நட்டைச் சரியாக முடுக்கவில்லை. அவன் ஓட்டும்போது கழன்றுவிட்டது. அறுந்திருக்கும் என்று சொல்லிவைத்தாள். நாளைக்கு ஒரேயடியாகப் போய்விடலாம். இன்றைக்குத் தாண்டினால் போதும்.

"மாட்டியாச்சா மகாராணி?"

"மாட்டிட்டேங்க."

"இந்த முனையைக் கையால சுத்துறேன். முள்ளு ஆடுதா பாரு."

முள் துடித்தது. இருபதைத் தொட்டு விழுந்தது.

"ஆடுதுங்க."

சீட்டி நின்றது.

"பழசு அறுந்தே போகலையேடி. நட்டு பூரா புதுசா ஸ்பானர் கீறல்." குரல் கொஞ்சியது. "எங்கேம்மா போயிட்டு வர்ற?"

அவள் தொங்கிய காலை உள்ளே இழுக்கப் போனாள்.

அடியிலிருந்து அவன் கை சட்டென்று வெளியே வந்து கணுக்காலைக் கவ்வியது. இழுத்தது. முட்டி கதவில் மோதித் தோல் கிழிந்தது. ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உதறினாள்.

"காலு இருந்தாத்தானே போவ? உடைக்கிறேன் பாரு!"

இன்னொரு இழுப்பு. அவள் மறுகாலால் உதைத்தாள். வண்டி ஆடியது. ஜாக்கி சாய்ந்தது.

விழுந்த சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். எலும்பு.

பிறகு மழை மட்டும்.

வண்டிக்கு அடியிலிருந்து ரத்தம் சாக்கடைத் துளையைத் தேடி ஊர்ந்தது. கணுக்காலில் பிடி அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தாள். கேபிள் முனையைச் சுற்றிய அவனுடைய இன்னொரு கை சக்கரமில்லாத பிரேக் டிரம்முக்கு அடியில் கூழாகிக் கிடந்தது.

மீட்டருக்குள் டிக் என்றது.

முள் எழுந்தது. இருபது. நாற்பது. இன்ஜின் ஓடவில்லை. சாவி அவன் சட்டைப்பையில். டேஷ்போர்டுக்குள் கேபிள் ரீங்கரித்தது. தொண்ணூறு. கிலோமீட்டர் எண்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன.

முள் கடைசிக் கோட்டில் மோதி நடுங்கியது. கணுக்காலைச் சுற்றியிருந்த விரல்கள், சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக இறுகின.